பைபர் படகில் மரம் இற்றுப்போனால்: திறந்து, காயவைத்து, திரும்பக் கட்டும் முழு வழிகாட்டி

படகைக் கரையேற்ற முன்பெல்லாம் ஆறு பேர் போதும். இப்போது எட்டுப் பேர் தோள் கொடுத்தும் மூச்சு வாங்குகிறது. என்ஜின் அதேதான், வலையும் அதேதான். "நமக்கு வயசாயிடுச்சு" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். பெரும்பாலும் வயதானது படகுக்குத்தான். அதன் வயிற்றுக்குள் நூறு, நூற்றைம்பது கிலோ தண்ணீர் குடியேறியிருக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுவதும் பைபர் படகுகள் வந்து இறங்கின. கட்டுமரத்திலிருந்து ஒரே தாவலாகப் பைபருக்கு மாறிய ஊர்கள் பல. அவசரத்தில் கட்டிய படகுகளின் தரத்தைப் பற்றி அப்போதே பேச்சு இருந்தது. அவற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை இருபது வயதைத் தொட்டுவிட்டன. "பைபர் மக்காது" என்று சொல்லித்தான் விற்றார்கள். அது உண்மைதான், கண்ணாடி நார் மக்காது. ஆனால் பல படகுகளில் என்ஜின் மாட்டும் பின்பக்கச் சுவரான பின்பலகைக்குள்ளும் என்ஜின் மேடைக்குள்ளும் நீளவாக்கில் ஓடும் சட்டங்களுக்குள்ளும் இருப்பது பிளைவுட்டும் மரமும்தான். பைபர் அதற்கு மேல் போர்த்திய சட்டை. சட்டையில் ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது நனையும். நனைந்தது வெளியேற வழியில்லாமல் அங்கேயே கிடந்து இற்றுப்போகும்.

இந்த வேலையை நான் இரண்டு முறை செய்தேன், ஒரே படகுக்கு. முதல் முறை பின்பலகையின் இற்ற பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, நாலு நாள் வெயிலில் விட்டு, கையால் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று மூடிவிட்டேன். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் போல்ட்டு ஓட்டையில் மறுபடி டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர் கசிந்தது. ரெசினும் (நாரை இறுகவைக்கும் பிசின்) மேட்டும் (கண்ணாடி நார்ப் பாய்) நல்ல சரக்குதான், ஒட்டிய கையும் மோசமில்லை. ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன், அவ்வளவுதான். அதனால்தான் கீழே ஒட்டுவதைவிடக் காயவைப்பதைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறேன்.

எங்கே இற்றிருக்கிறது என்று கண்டுபிடிப்பது

படகைச் சுத்தமாகக் கழுவி, வெளிப்புறம் காய்ந்ததும் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஐந்து ரூபாய் நாணயமும் போதும். ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டங்' என்று சுருக்கமாகக் கேட்கும். உள்ளே இற்றிருந்தாலோ பைபர் மரத்தை விட்டுக் கழன்றிருந்தாலோ 'பொத்' என்று மந்தமாகக் கேட்கும். சத்தம் மாறும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுச் சுற்றி வாருங்கள். கடைசியில் தள்ளி நின்று பார்த்தால் ஒரு வரைபடமே கிடைத்திருக்கும். என் அனுபவத்தில் அது எப்போதும் நாம் நினைத்ததைவிடப் பெரிது.

அடுத்து என்ஜினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பின்பலகை சேர்ந்து அசைந்தால், அல்லது மூலைகளில் தலைமுடி போன்ற விரிசல் திறந்து மூடினால், உள்ளே மரம் வேலை செய்யவில்லை என்று பொருள். போல்ட்டைச் சுற்றிக் காவி நிறத்தில் ஒழுகிய தடம் இருந்தால் அதுவும் அதே கதைதான்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் துளைத்துப் பார்க்க வேண்டும். 5 மி.மீ. பிட்டால் படகின் உட்புறத்திலிருந்து துளையுங்கள். உள்பைபரையும் மரத்தையும் தாண்டலாம், வெளிப்பைபரைத் தொடக்கூடாது. பிட்டில் ஒரு டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டால் கை தவறாது. வெளியே வரும் தூள் வெளிறி, உலர்ந்து, மர வாசனையோடு வந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக, புளித்த நாற்றத்தோடு பிசுபிசுவென்று வந்தால் அந்த இடம் போய்விட்டது. பார்த்து முடித்த துளைகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். படகைத் திறக்கப் போவதில்லை என்றால் அன்றே ரெசின் பட்டி (பொடி கலந்து கெட்டியாக்கிய ரெசின்) வைத்து அடையுங்கள்.

தண்ணீர் எந்த வழியாகப் புகுந்தது என்பதையும் இப்போதே தேடிவிட வேண்டும். சந்தேகப்பட வேண்டியவர்கள் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்தான்: வெறும் மரத்தில் நேராக முடுக்கிய போல்ட்டுகள், தண்ணீர் வடிக்கும் ஓட்டையின் உள்விளிம்பு, என்ஜின் கவ்வி நின்று தேய்த்த பின்பலகையின் மேல் நெற்றி, கயிறு அறுத்த விளிம்பு, மணலில் இழுத்து இழுத்து நார் தெரியும் அளவுக்குத் தேய்ந்த ஏரா, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகு. இதில் பலர் நம்ப மறுக்கும் ஒன்று உண்டு. கடல்நீரைவிட மழைநீர்தான் மரத்தை வேகமாக மக்கவைக்கும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்பு பிடிக்காது. ஐப்பசி கார்த்திகையில் கரையில் நிமிர்த்தி வைத்த படகுக்குள் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் நிற்கிறதே, அது படகைக் கடலில் விட்டிருப்பதைவிட மோசம்.

எப்போது செய்வது, என்ன வாங்குவது

கிழக்குக் கரையில் மாசியிலிருந்து வைகாசி வரை நல்ல காலம். கத்திரி வெயிலைப் படகுக்காரன் திட்டலாம், படகு திட்டாது. கன்னியாகுமரியின் மேற்குப் பக்கம் இருப்பவர்கள் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன் மூடி முடித்துவிட வேண்டும்.

ஒரு சராசரி பின்பலகையை 1.5 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 0.9 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் மூன்று அடுக்கு, 600 கிராம் ரோவிங் (தடித்த நெய்த கண்ணாடி நார்த் துணி) இரண்டு அடுக்கு என்றால் மேட் சுமார் 1.2 கிலோ, ரோவிங் சுமார் 1.1 கிலோ. மேட் தன் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும், ரோவிங் தன் எடை அளவே குடிக்கும். ஆக 4 கிலோ ரெசின். பிளைவுட்டுக்குப் பூசவும், ஒட்டவும், பட்டி கலக்கவும், வீணாவதற்கும் சேர்த்து 8 கிலோ வாங்கினால் நடுவில் கடைக்கு ஓட வேண்டாம்.

ரெசினில் பாலியஸ்டரா எபாக்சியா? பழைய பைபரையும் மரத்தையும் எபாக்சி நன்றாகப் பிடிக்கும், விலை பல மடங்கு. நம் கரைப் படகுகள் எல்லாமே பாலியஸ்டரில் கட்டியவை, பட்டறைக்காரர்களின் கையும் அதற்குத்தான் பழகியிருக்கிறது. நன்றாகத் தேய்த்து, நன்றாகக் காயவைத்தால் பாலியஸ்டர் போதும் என்பது என் கருத்து. வாங்கும்போது சாதாரண ரெசினுக்குப் பதிலாக 'ஐசோ' ரெசின் கேளுங்கள், அது தண்ணீரை அதிகம் தாங்கும். எதை எடுத்தாலும் ஒன்றிலேயே நில்லுங்கள். பாலியஸ்டர் மேல் எபாக்சி ஒட்டும், எபாக்சி மேல் பாலியஸ்டர் ஒழுங்காக ஒட்டாது. இன்னொன்று, சாதாரண மேட்டைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியஸ்டரில்தான் கரையும். எபாக்சி என்றால் நெய்த துணி வாங்க வேண்டும்.

பிளைவுட்டில் 'மரைன்' என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். இந்தியத் தரக்குறியான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தில் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாக்குப்பிடிக்க வேண்டும். ஐ.எஸ். 303 என்பது வீட்டு அலமாரிக்கு. சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டை வாங்கி வந்து அடுப்பில் நாள் முழுக்கக் கொதிக்கவிடுங்கள். அடுக்கு பிரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை.

உயிர் போகிற விஷயம் ஒன்று

பாலியஸ்டர் ரெசினை இறுகவைக்க இரண்டு புட்டிகள் வரும். ஒன்று ஊதா நிறக் கோபால்ட் ஆக்சிலரேட்டர், மற்றது தண்ணீர் போலத் தெளிந்த கேட்டலிஸ்ட், அதாவது எம்.ஈ.கே.பி. இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே அளவு மூடியைப் பயன்படுத்தாதீர்கள், ஒரே அட்டைப்பெட்டியிலும் வைக்காதீர்கள். சில ரெசினில் கோபால்ட் ஏற்கெனவே கலந்தே வரும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்கக்கூடாது. தப்பித் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு. கிரைண்டர் பிடிக்கும்போது முழுக்கைச் சட்டை, மூக்குக்கு நல்ல மாஸ்க். வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது மாஸ்க் ஆகாது. கையில் ஏறிய நார்த்தூளைத் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். மீந்த ரெசினைக் கலக்கிய குவளையோடு மூலையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், மொத்தமாக இருந்தால் சூடேறிப் புகையும். மணலில் மெல்லப் பரப்பி இறுகவிட்டு, பிறகு அள்ளி எடுத்துவிடுங்கள்.

திறப்பது

வெட்டுவதற்கு முன் படகின் வடிவத்தைப் பூட்ட வேண்டும். இரு பக்க விளிம்புகளுக்கும் குறுக்கே ஒரு சட்டத்தைக் கட்டுங்கள். பின்பகுதியின் மூலைவிட்ட அளவுகள் இரண்டையும் எழுதி வையுங்கள். அடியில் இரண்டு பக்கமும் மணல் மூட்டை முட்டுக்கொடுங்கள். மரம் வெளியே வந்ததும் பைபர் தோல் தளர்ந்து விரியும். அந்த நிலையிலேயே புது மரத்தை ஒட்டிவிட்டால் கோணல் காலத்துக்கும் நிற்கும்.

உள்ளிருந்து வெட்டுவதா, வெளியிலிருந்தா? கை நுழைய இடமிருந்தால் உள்ளிருந்துதான். வெளித்தோல் முழுதாக இருந்தால் அதுவே அச்சாக நிற்கும், பெயின்ட் வேலையும் மிச்சம். ஓரத்தில் நாலு விரல் அகலம் உள்தோலை விட்டுவிட்டு, கிரைண்டரில் மெல்லிய வீல் போட்டு, தோலின் கனத்துக்கு மட்டும் வெட்டுங்கள். தோல் 4, 5 மி.மீ. இருக்கும். ஒரே மூச்சில் அழுத்தாமல் இரண்டு மூன்று முறை ஓட்டினால் ஆழம் தப்பாது.

இற்ற மரம் ஈரக் கேக் போலக் கையோடு வரும். நல்ல மரம்தான் வம்பு செய்யும். உளி வைத்து அடுக்கடுக்காகப் பெயர்க்க வேண்டும், வெளித்தோலைக் கீறிவிடாமல். "இந்தப் பாதி நன்றாகத்தானே இருக்கிறது, விட்டுவிடலாமே" என்று மனம் சொல்லும். பின்பலகை என்றால் அந்தச் சபலம் வேண்டாம், முழுதாக எடுங்கள். என்ஜின் எடையும் தள்ளுவிசையும் விழும் இடத்தில் ஒட்டுப்போட்ட மரம் நிற்காது. நீளச் சட்டம் என்றால் மட்டும், இற்ற இடம் முடிந்ததிலிருந்து இன்னும் ஒரு சாணாவது நல்ல மரத்துக்குள் போய் வெட்டி, சரிவாகச் சீவி இணைக்கலாம்.

சின்னத் துளைகள் போட்டு உள்ளே ரெசினை ஊற்றிவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. உள்ளங்கை அளவு இடம், அதுவும் முழுக்கக் காய்ந்திருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் ஈர மரத்தின் மேல் ரெசின் ஒரு தொப்பிபோல உட்காரும், அடியில் பழைய வேலை தொடரும்.

காயவைப்பது

முதலில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், ஒரு முறை அல்ல, நாலைந்து முறை. உப்பு இருக்கும்வரை அந்த இடம் காயாது. உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். மழைநாளில் உப்பு ஜாடி என்ன ஆகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம் வெயில். அணியத்தை (படகின் முன்முனை) உயர்த்தி, தண்ணீர் வடிக்கும் ஓட்டையின் அடைப்பானைக் கழற்றி, காலை ஒன்பது மணிக்குத் தார்ப்பாயை எடுங்கள். மாலை கடல்காற்று ஈரத்தோடு திரும்புவதற்குள் மூடிவிடுங்கள். இரவு முழுக்கத் திறந்து வைத்தால் பகலில் போனதில் பாதி பனியில் திரும்பி வரும். கரண்ட் எட்டினால் தார்ப்பாய்க்குள் ஒரு மேசை மின்விசிறி ஓடட்டும். இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகலாம். தொழில் போகிறதே என்று வயிறு எரியும். என் முதல் முறை நாலு நாளில் முடிந்தது அதனால்தான்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு வழிகள். தெளிவான பாலித்தீன் தாளை ஒரு சாண் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, வெயில் படும்படி விடுங்கள். சில மணி நேரம் கழித்து உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அடுத்தது, விட்டுவைக்கப்போகும் மரத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, படகோடு சேர்த்தே காயவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் மரம் அந்தக் காற்றில் காயக்கூடிய அளவுக்குக் காய்ந்துவிட்டது. ஈரமானி வைத்திருப்பவர்கள் மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழ் வரும்வரை காத்திருக்கலாம்.

திரும்பக் கட்டுவது

வெளித்தோலின் உள்முகத்தையும் ஓரத்தில் விட்ட உள்தோலையும் 40ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேயுங்கள். பழைய பைபரோடு சேரும் ஓரம் படிக்கட்டு மாதிரி நிற்காமல் சரிவாக இறங்க வேண்டும். கணக்கு 12க்கு 1. தோல் 5 மி.மீ. என்றால் சரிவு 60 மி.மீ. அகலம். தூளைத் துடைத்து, அசிட்டோன் தொட்ட சுத்தமான துணியால் ஒரே திசையில் துடைத்து, அது பறந்து போகும்வரை பொறுங்கள்.

அட்டையில் அச்சு வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகே பிளைவுட்டில் ரம்பம் வையுங்கள். 18 மி.மீ. பலகை இரண்டு சேர்ந்தால் 36 மி.மீ., ஒட்டும் பசையோடு 38 வரும். பழைய கனம் எவ்வளவு என்று அளந்து அதற்கு ஈடு செய்யுங்கள், இல்லாவிட்டால் என்ஜின் கவ்வி உட்காராது. பலகை படகின் அடியை நேராக முட்டாமல் 5 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். அதைப் பட்டி நிரப்பும்.

பலகையின் எல்லா முகங்களுக்கும் ரெசின் பூசுங்கள். விளிம்புகளுக்கு இரண்டு மூன்று தரம், ஏனென்றால் பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். பிறகு வெளித்தோலின் மேல் ரெசினில் நனைத்த மேட் ஒரு அடுக்கு, அதன் மேல் கெட்டிப் பட்டி, அதன் மேல் பலகை. பலகையில் ஆங்காங்கே 6 மி.மீ. துளை போட்டு வைத்தால் அடைபட்ட காற்றும் மிகுந்த பட்டியும் அதன் வழியே வெளியேறும். துளையில் பட்டி எட்டிப் பார்த்தால் அடியில் வெற்றிடமில்லை. பழைய போல்ட்டு ஓட்டைகள் வழியாகவே, வெளியே ஒரு தடித்த பலகையும் நடுவில் பாலித்தீன் தாளும் வைத்து முடுக்குங்கள். ஆரம்பத்தில் எழுதிய மூலைவிட்ட அளவுகளைச் சரிபார்க்க வேண்டிய நேரம் இதுதான். இறுகிய பிறகு பார்த்து என்ன பயன்?

கேட்டலிஸ்ட் அளவு ரெசினில் 1 முதல் 2 சதவீதம். சித்திரை வெயிலில் 1 போதும். சீக்கிரம் இறுகுகிறதே என்று அதற்கும் கீழே குறைத்தால் எத்தனை நாளானாலும் முழுசாக இறுகாமல் பிசுபிசுக்கும். அதற்குப் பதில் அரை கிலோ அரை கிலோவாகக் கலக்குங்கள், நிழல் கட்டுங்கள், பனி காய்ந்த பிறகு காலையில் தொடங்கிவிடுங்கள்.

மூலைகளில் பட்டியை விரலால் இழுத்து வளைவாக்குங்கள், மேட் செங்குத்து மூலையில் மடியாது. பிறகு மேட், ரோவிங், மேட், ரோவிங், மேட். ஒவ்வொரு அடுக்கிலும் இரும்பு ரோலரால் காற்றை விரட்ட வேண்டும். வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காற்று. ஒரே நாளில் மூன்று நான்கு அடுக்குக்கு மேல் போனால் சூடேறிச் சுருங்கும். கடைசி அடுக்கில் மெழுகு கலந்த ரெசின் பூசுங்கள், இல்லையென்றால் காற்றுப் பட்ட மேல்முகம் ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

மிதவைப் பெட்டிகள்

பல படகுகளில் மேலே சொன்ன கூடுதல் எடையில் பெரும்பங்கு இங்கேதான். குறுக்குப் பலகைகளுக்கு அடியில் இருக்கும் பெட்டிகளில் தெர்மோகோலோ பஞ்சு நுரையோ அடைத்திருப்பார்கள். பெட்டியின் மிகத் தாழ்ந்த மூலையில் ஒரு துளை போட்டு இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் கீழே மணல் நனைந்திருந்தால் மேல்தட்டைத் திறந்துவிட வேண்டியதுதான். தண்ணீர் ஊறிய நுரை எந்த வெயிலிலும் காயாது, வெட்டி எறியுங்கள். அதை எடுத்துவிட்டுப் பெட்டியைக் காலியாக விடுவது ஆபத்து. படகு கவிழ்ந்தால் உங்களை மிதக்கவைப்பது அதுதான். ஒரு லிட்டர் மிதவை ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும், எடுத்த அளவு திரும்ப வைக்க வேண்டும்.

புதுத் தெர்மோகோல் வைப்பவர்கள் அதைத் தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டிவிட வேண்டும். பாலியஸ்டர் ரெசின் பட்டால் தெர்மோகோல் வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி கரைந்துவிடும். மேல்தட்டை ஒட்டி முடித்துத் தட்டிப் பார்த்தால் உள்ளே காலி. மூடி இறுக்கிய பிளாஸ்டிக் பாட்டில்களை அசையாமல் அடுக்குவதும் உண்டு. அழகில்லை, ஆனால் தண்ணீர் குடிக்காது. ஒவ்வொரு பெட்டிக்கும் தாழ்ந்த மூலையில் திருகு மூடி ஒன்று வைத்துவிட்டால் அடுத்த முறை துளைக்க வேண்டியதில்லை.

அடிப்பகுதியில் கொப்புளம் இருந்தால் உடைத்துப் பாருங்கள், வினிகர் போல நாறும் நீர் வரும். தேய்த்து, கழுவி, காயவைத்துப் பட்டி வைக்கலாம். தினமும் கரையேறும் படகுகளுக்கு இது குறைவு, தண்ணீரிலேயே கட்டிக் கிடப்பவைக்குத்தான் அதிகம். தேய்ந்த ஏராவுக்கு இரண்டு அடுக்கு ரோவிங் கூடுதலாகப் போடுங்கள்.

போல்ட்டு ஓட்டைகள்

இத்தனை வேலையும் வீணாவது இங்கேதான். 10 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 16 மி.மீ. ஓட்டை போடுங்கள். அதை நார் கலந்த கெட்டி ரெசினால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவே 10 மி.மீ. துளையுங்கள். இப்போது போல்ட்டு மரத்தைத் தொடவே இல்லை, தண்ணீர் இறங்கினாலும் ரெசின் குழாய்க்குள்தான் இறங்கும். தண்ணீர் வடிக்கும் ஓட்டைக்கும் இதே வைத்தியம். 316 ஸ்டீல் போல்ட்டு, பெரிய வாஷர், பாலியூரித்தேன் சீலன்ட். சிலிக்கான் வேண்டாம், அது பட்ட இடத்தில் பிற்பாடு பெயின்டும் பிடிக்காது, ரெசினும் பிடிக்காது.

ஒரு வாரம் ஆறவிட்டு என்ஜினை மாட்டுங்கள். முதல் நாள் கரையோரமாகவே ஓட்டி, வேகத்தைக் கூட்டும்போது பின்பலகையில் கைவைத்துப் பாருங்கள், அதிர்வு இருக்கலாம், வளைவு இருக்கக்கூடாது. ஒரு மாதம் கழித்து போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள். புரட்டாசி கடைசியில், மழை இறங்குவதற்கு முன், அணியம் உயர அடைப்பானைக் கழற்றி வைத்துவிட்டு அதே ஐந்து ரூபாய் நாணயத்தால் பின்பலகையை ஒரு சுற்றுத் தட்டுங்கள்.